கழற்றாத மாலை

எங்கள் அப்பா ஏறக்குறைய ஒரு வருஷம் சாமியாக இருந்தார். மற்றவர்களுடைய அப்பாக்கள் கார்த்திகையில் மாலை போட்டு, சபரிமலைக்குப் போய்வந்து, பொங்கல் கழிவதற்குள் மறுபடி சாதாரண மனிதர்களாகிவிடுவார்கள். எங்கள் அப்பா ஆடி மாதத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது மாலை போட்டார். அடுத்த வைகாசி வரைக்கும் அது அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. தாராவியில் எங்கள் சந்து முழுக்க அவருக்கு ‘பர்மனென்ட் சாமி’ என்று பெயர். அப்படிச் சொல்லிச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அதுவும் ஒரு உத்தியோகம், அப்பாவுக்கு அது நிலையாகக் கிடைத்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.

அவருடைய நிஜமான உத்தியோகம் தோல் வெட்டுவது. தோல் பை செய்யும் ஒரு கார்கானாவில் அவர் கட்டிங் மாஸ்டர். முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய். முழுத் தோலை விரித்துப் போட்டு, எங்கே தழும்பு, எங்கே மெலிசு என்று தடவிப் பார்த்து, அட்டை அச்சை வைத்துச் சேதாரமில்லாமல் வெட்டுவதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று பாய் பெருமையாகச் சொல்வார். பொழுது சாய்ந்தபிறகும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அதே மூச்சில் சேர்த்துக்கொள்வார். எங்கள் சந்து போய்ப் பெரிய தெருவில் முட்டும் இடத்தில் இடதுபுறம் திரும்பினால் கார்கானா. வலதுபுறம் திரும்பினால் சாராயம் விற்கும் அட்டா. இரண்டும் கூப்பிடு தூரம்தான்.

குடித்த அப்பாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சந்தில் பல வீடுகளில் இருந்தவர்தான் அவர். பாத்திரங்களைத் தூக்கிச் சந்தில் வீசுவார். பிறகு அவரே பொறுக்கப் போய், பாதி வழியில் உட்கார்ந்து அழுவார். அம்மாவின் முன்கையில் சோற்றுப்பானை மூடி பட்ட தழும்பு ஒன்று உண்டு. அவர் குரல் சந்துமுனையில் கேட்டதும் நான் பரணுக்குக் கீழே, அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அப்பாவைக் கண்டால் பயம்.

ஆனால் சாமியைக் கண்டால் பயமில்லை. கார்த்திகை பிறந்து மாலை போட்டதும், அந்த ஒரு மண்டலத்துக்கு எங்கள் வீட்டில் வேறொரு ஆள் வந்து குடியிருப்பார். விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், கறுப்பு வேட்டி கட்டுவார், செருப்பில்லாமல் நடப்பார், பாயில் தனியாகப் படுப்பார். மாலை போட்டவரைப் பெண்டாட்டி பிள்ளைகூட சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எங்களைச் சாமி என்றே கூப்பிடுவார். ஒற்றை அறையில் மூன்று சாமிகள் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து வாழ்ந்தோம். மலையிலிருந்து திரும்பியதும் அம்மா கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றிப் படத்தில் மாட்டுவாள். விரதம் முடிந்ததென்று கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். அது ஆறுவதற்குள் சாமி வலதுபுறம் திரும்பிப் போயிருப்பார்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பா கார்கானாவிலேயே சுருண்டு விழுந்தார். பாய்தான் டாக்சியில் தூக்கிப் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குடியை நிறுத்துவதற்கென்று அங்கே ஒரு வார்டு இருந்தது. குடிக்கு வைத்தியம் உண்டு என்பதையே அம்மா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். சாமியிடம் நேர்ந்துகொள்வது, ஊரில் வேப்பிலை அடிப்பது, அண்ணன்மாரை விட்டு உதைக்கச் சொல்வது, இதுவரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். முதல் சில நாட்கள் அப்பாவின் கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அவர் இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த வார்டுக்கு வாராவாரம் ஒருவர் வந்து நோயாளிகளோடு பேசிக்கொண்டிருப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் குடை. மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர், ஏதோ ஆபீசில் பெரிய வேலை. நாங்கள் அவரை மாட்டுங்கா மாமா என்று சொன்னோம். அவர் டாக்டரென்று நினைத்து அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். தானும் இதே வார்டில் கிடந்தவன்தான் என்று அவர் சொன்னபோது அம்மா நம்பவில்லை. இவ்வளவு வெள்ளைச் சட்டை போட்டவர் குடிப்பார் என்பது அவளுடைய கணக்கிலேயே இல்லை. ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறார், பாவம், நல்ல மனுஷன் என்று என்னிடம் சொன்னாள்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்து பாதிதான், மீதி கூட்டம் என்று டாக்டர் சொன்னார். குடியை விட்டவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டம்; மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நடக்கிறது; மாமா கூட்டிக்கொண்டு போவார். உட்கார்ந்து பேசினால் குடி எப்படி நிற்கும் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. பேசுவதற்காகச் சேர்ந்து உட்கார்ந்துதானே எங்கள் சந்தில் எல்லோரும் குடித்தார்கள். அவள் தன் வைத்தியத்தைக் கையில் எடுத்தாள். அப்பாவை நேரே, வருஷாவருஷம் மலைக்கு அழைத்துப்போகும் குருசாமியிடம் கூட்டிக்கொண்டு போய் மாலை போடச் சொன்னாள்.

குருசாமி திகைத்துப் போனார். “மலைக்குப் போறதுக்குத்தான் மாலை. குடியை நிறுத்த ஆஸ்பத்திரி இருக்குல்லா?” என்றார்.

“ஆஸ்பத்திரியில வெளிய விட்டுட்டாவ சாமி. இனிமே நீங்கதான் உள்ள பிடிச்சு வைக்கணும்” என்றாள் அம்மா.

கார்த்திகையில் மலைக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லி அவரை ஒரு வழியாக இணங்க வைத்தாள். அப்பா கழுத்தை நீட்டினார்.

ஆடி மழையில் தாராவிச் சந்துகளில் செருப்பில்லாமல் நடப்பது எப்படி என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பா நடந்தார். அம்மா விலக்கான நாட்களில் எதிர்வீட்டு அத்தையிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த நாட்களில் சாமியே சோறு வடித்து ரசம் வைத்தார். முதலில் அது வாயில் வைக்க முடியாதபடி இருந்தது, போகப் போக அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. அதை நான் வெளியில் சொல்லவில்லை. தண்ணீரோ டீயோ எதுவானாலும் சாமி டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத்தான் குடிப்பார். கோவிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் எல்லாவற்றையும் பக்தியாகக் குடிக்கிறார் என்று நினைத்து நானும் கொஞ்ச நாள் அப்படியே குடித்துப் பார்த்தேன்.

கார்கானாவில்தான் சிக்கல். மாலை போட்டவர் தோலைத் தொடுவது சரியில்லை என்று அப்பாவைவிடப் பாய்தான் கண்டிப்பாக இருப்பார். கார்த்திகை மாதங்களில் அவரை ரெக்ஸின் வெட்டுவதற்கு மாற்றிவிடுவார். ரெக்ஸினில் தழும்பு கிடையாது, மேடுபள்ளம் கிடையாது. சுருளை உருட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் வெட்டலாம். ஒரு மண்டலமென்றால் பாய் சமாளித்துக்கொள்வார். மாதக்கணக்கில் சமாளிக்க அவரால் முடியவில்லை. புதிதாகத் தோல் வெட்ட வந்தவன் நல்ல தோலையெல்லாம் கந்தலாக்கிக்கொண்டிருந்தான். பாய் எங்கள் வாசலில் வந்து நின்று, “மாஸ்டர், ஒங்க சாமிக்கு எப்பதான் லீவு விடுவிய?” என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பா சிரிக்காமல் கைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகை வந்தது. மண்டலம் முடியும் சமயம் குருசாமியின் கூட்டம் இருமுடி கட்டத் தயாரானது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மலைக்குப் போனால் திரும்பி வர வேண்டும், திரும்பி வந்தால் மாலையைக் கழற்ற வேண்டும். அவள் யாரிடம் என்ன வேண்டிக்கொண்டாளோ, சரியாக அந்த வாரம் எனக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கிய வீட்டிலிருந்து யாரும் யாத்திரை போக மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகும்போது அம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பாயில் கிடந்தபடி பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு அம்மை வந்ததற்காக ஒரு தாய் அவ்வளவு பூரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதன்பிறகு மகரஜோதிக்குப் போகலாம் என்றாள், சித்திரை விஷுவுக்குப் போகலாம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

இதற்கிடையில் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு கூட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்று சொல்ல வேண்டுமாம். உடனே எல்லோரும் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லி வரவேற்பார்களாம். அப்பாவுடைய முறை வரும்போது அவர் எழுந்து கைகூப்பி ‘சாமி சரணம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இது எங்களுக்குத் தெரிந்தது மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான்.

மாமா எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஸ்டூலில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா சுவரோரம் பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கோ” என்று மாமா அம்மாவிடம் ஆரம்பித்தார். “கழுத்துல மாலையைப் போட்டுண்டு, நான் குடிகாரன்னு அவரால சொல்ல முடியலை. சாமி எப்படிக் குடிகாரனாவார்? இப்போ குடிக்காம இருக்கறது மாலைதான், அவரில்லை. அதைக் கழட்டற அன்னிக்கு அவர் தனியா நிப்பார். அதுக்குள்ள அவர் பேசிப் பழகணும்.”

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். “கழட்டவே வேண்டாம்யா. சாமியா இருந்தா எங்களுக்குப் போதும். அந்த மனுசன் எங்களுக்கு வேண்டாம்.”

சாமி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசி வாய் டீயைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து போய் டம்ளரைத் தானே கழுவி வைத்தார். மாமா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். குடும்பத்தார் வரும் கூட்டம் ஒன்று வைகாசியில் இருக்கிறது, அவசியம் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா போனாள். அங்கே இவருக்கு யாரும் எதையும் ஓதி மாலையைக் கழற்ற வைத்துவிடக் கூடாதே என்று காவலுக்குத்தான் போனாள். இந்தி புரியாத அவளுக்குச் சொல்வதற்காக என்னையும் கூட்டிக்கொண்டாள். ரயில் பாலத்தில் ஏறி இறங்கி நடந்தோம். வெயில் இறங்கியும் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வெறுங்காலோடு முன்னால் போனார்.

சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை அது. கரும்பலகையில் மராத்தியில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. பெரிய பெரிய ஆம்பிளைகள் எங்களுடையதுபோன்ற குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கடைசி வரிசையில். ஒரு டாக்சிக்காரர் எழுந்து பேசினார். ஒரு மில் தொழிலாளி பேசினார். மாமா எழுந்து, தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்றார். நான் அதை அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா மாமாவின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வார்டில் சொன்னது பொய்யில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்பாவின் முறை வந்தது. அவர் எழுந்து கைகூப்பினார். சாமி சரணம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் கூப்பிய கையைப் பிரித்து, மாலையைத் தலைக்கு மேலாகக் கழற்றினார். கற்பூரமில்லை, தேங்காயில்லை, குருசாமியில்லை. கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சு முழுக்க மைக்கறை. நேராகக் கடைசி வரிசைக்கு வந்து, நீட்டு என்பதுபோல் தலையசைத்தார். நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். மாலையை அதில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். தமிழிலேயே தன் பெயரைச் சொன்னார். நான் ஒரு குடிகாரன் என்றார்.

அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெயர் புரிந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயர் அது. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல, “போச்சு” என்றாள். பக்கத்திலிருந்த மராத்திப் பெண் அம்மாவின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். அப்பா மேற்கொண்டு என்னென்னவோ பேசினார். பாத்திரம் வீசியதைப் பேசினார், பானை மூடியைப் பற்றிப் பேசினார். அரிசி டின்னுக்குப் பின்னால் நான் உட்காருவது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

திரும்பும் வழியெல்லாம் மாலை என் கையில்தான் இருந்தது. அதில் விபூதியும் வேர்வையும் கலந்த வாசனை. சந்துமுனையில் அம்மா நடையைக் குறைத்தாள், நானும் குறைத்தேன். அப்பா எந்தப் பக்கமும் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தார். அம்மா மாலையை வாங்கிப் படத்தில் மாட்டினாள். கருவாட்டுக் குழம்பு வைக்கவில்லை. சோறும் ரசமும் போட்டாள். அவர் சாப்பிடுவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் காலையில் அப்பா செருப்பைத் தேடி எடுத்தார். கிடந்து கிடந்து அது விறைத்துப் போயிருந்தது. கஷ்டப்பட்டுக் காலை நுழைத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா என்னைப் பிடித்து வெளியில் தள்ளி, “பின்னாலயே போயி எந்தப் பக்கம் திரும்புதாருன்னு பாத்துட்டு வா” என்றாள்.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனேன். சந்துமுனையில் அப்பா நின்றுவிட்டார். நானும் நின்றேன். சைக்கிள்கள் போயின, தண்ணீர்க் குடங்கள் போயின. அவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பின்பக்கமாக நீட்டினார். நான் ஓடிப்போய் அதைப் பிடித்தேன். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இடதுபுறம் திரும்பினோம்.

பாய் அப்பாவின் வெறும் கழுத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு முழுத் தோலைத் தூக்கி வந்து, பலகை மேல் விரித்துவிட்டு நகர்ந்துகொண்டார். அப்பா வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். அட்டை அச்சை வைத்தார், எடுத்தார், மாற்றி வைத்தார். என்னிடம் தோலின் ஒரு மூலையைக் காட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கத்தியைக் கையில் எடுத்ததும் அதன் முனை ஆடியது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“சாமி, சரியா பிடிச்சிருக்கேனா?” என்று கேட்டேன்.

யாரோ சிரித்தார்கள். அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

“சாமி போயாச்சு பிள்ள. அப்பான்னு கூப்பிடு.”

எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் பாத்திரம் பறக்கும் சத்தமும் கூடவே வந்துவிடும்போல் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை, வேலை கிடந்தது, பாய் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் சுடுகிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பதுபோல, மெதுவாக “அப்பா” என்றேன். அவர் கத்தியை எடுத்தார். முதல் வெட்டு கோணலாகப் போனது. பாய் அந்தத் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார். அப்பா அடுத்ததை வெட்டினார்.

அதன்பிறகு அவர் குடிக்கவே இல்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஒரு தீபாவளிக்கு வலதுபுறம் திரும்பினார். மறுநாள் அவரே மாமா வீட்டுக்கு நடந்து போய், மறுபடி அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா அவருக்கு மறுபடி மாலை போடச் சொல்லவில்லை.

தோலின் மூலையை அழுத்துவதற்கு ஆள் வேண்டியதில்லை. அதற்கென்று இரும்புக் கட்டிகள் பலகையின் ஓரத்திலேயே கிடந்தன. அவர் ஏன் என்னைப் பிடிக்கச் சொன்னார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என்னால்தான் தோல் நகராமல் இருக்கிறது என்று நினைத்து விரல் வெளுக்க அழுத்திக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வருஷமும் நாங்கள் சாமி, சாமி என்று வாய் நிறையக் கூப்பிட்டபோதெல்லாம், யாரைக் கூப்பிடாமல் இருந்தோம் என்பது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.